வென்ட் ஹெட்டரில் டெட்டனேஷன் அரெஸ்டர்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் பிளான்ட்டில் டொலுயீன், மெத்தனால் ஆவியெல்லாம் ஒரே வென்ட் ஹெட்டரில் (ஆவிகளைத் திரட்டும் பொதுக்குழாய்) சேர்ந்து, அவற்றை எரித்து அழிக்கும் தெர்மல் ஆக்சிடைசருக்குப் போகிறது. அங்கே எந்நேரமும் தீ இருக்கும். ஆவியில் காற்று கலந்து ஓட்டமும் குறைந்தால், அந்தத் தீ குழாய்க்குள் ஏறி ரியாக்டர் வரைக்கும் வந்துவிடும். நடுவில் அதை மறிப்பது இந்த அரெஸ்டர்தான். உள்ளே நெளிநெளியான ஸ்டீல் தகட்டைச் சுருட்டி வைத்த எலிமென்ட். அதன் பொடிச் சந்துகளில் நுழையும் தீ, சூட்டைத் தகட்டிடம் இழந்து அணைந்துபோகும். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியதும் இதே தத்துவம்தான்.

விலை குறைவு என்று டிஃப்ளக்ரேஷன் (ஒலியைவிட மெதுவாகப் பரவும் தீ) வகை அரெஸ்டரை எடுக்காதீர்கள். தீ பற்றக்கூடிய இடத்திலிருந்து குழாய் விட்டத்தின் 50 மடங்கு தூரத்துக்குள், அதாவது 6 அங்குலக் குழாயில் ஏறக்குறைய ஏழரை மீட்டருக்குள் இருந்தால்தான் பொதுவாக அது தாங்கும். நீளமான குழாயில் தீ வேகமெடுத்து டெட்டனேஷன் (ஒலியைவிட வேகமாகப் பாயும் வெடிப்பு) ஆகிவிட்டால் நொடிக்கு 1,500 மீட்டருக்கும் மேல் பாயும்.

தடுப்பதில் எனக்குக் குறையே இல்லை, தொல்லையெல்லாம் அடைப்புதான். ஆவியோடு வரும் பிசின் எலிமென்ட்டில் படிந்து பிரஷர் டிராப் (அதைக் கடக்கையில் குறையும் அழுத்தம்) மெல்ல ஏறும், அதை அளக்கும் டிபி கேஜ் இல்லையென்றால் ரியாக்டரில் அழுத்தம் கூடும்வரை யாருக்கும் தெரியாது. அப்புறம் புரொடக்‌ஷன் ஆட்கள் கேட்பார்கள், "எலிமென்ட்டைக் கழற்றிட்டு இந்த பேட்ச் மட்டும் ஓட்டலாமா?" கூடவே கூடாது! வெறும் கூடு எந்தத் தீயையும் நிறுத்தாது. கையில் ஸ்பேர் எலிமென்ட்டும் கேஸ்கட்டும் இருந்தால் இந்தப் பேச்சே எழாது, மாற்றிப் போட்டுவிட்டு அழுக்கானதை நிதானமாகக் கழுவலாம்.

கழுவும்போது ஹை பிரஷர் ஜெட் அடிப்பது, கம்பியால் குத்துவது இரண்டுமே வேண்டாம். சந்து ஓரிடத்தில் அகன்றாலும் தீ அதன் வழியே போய்விடும். பொருத்தமான சால்வென்ட்டில் ஊறவைத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

டெம்பரேச்சர் சென்சார் இல்லாமல் வாங்க வேண்டாம். தீ எலிமென்ட் முகத்திலேயே நின்று எரிந்தால் எலிமென்ட் தாங்கும் நேரத்துக்கு எல்லை உண்டு, அதற்குள் சென்சார் சொல்லி வால்வு மூட வேண்டும்.

இன்னொன்று, அதே ஹெட்டரில் பிற்பாடு ஹைட்ரஜன் வரும் பிராடக்ட்டைச் சேர்க்கப் போனால் முதலில் அரெஸ்டரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். ஹைட்ரஜன் தீ 0.3 மில்லிமீட்டர் இடுக்கிலேயே புகுந்துவிடும், டொலுயீனுக்குச் சான்று பெற்ற எலிமென்ட் அதற்கு உதவாது.