போர்னா வைரஸ் மூளைக்காய்ச்சல்: பி.சி.ஆரா, ஆன்டிபாடியா, எலிஸ்பாட்டா?

ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு வைரஸ் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்று மாதிரி வந்தால், போர்னா வைரஸுக்கு எந்தச் சோதனையை முதலில் ஓட்டுவது என்று போன வருடம் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ரத்தத்திலுள்ள எதிர்ப்பு செல்களைச் சோதிக்கும் எலிஸ்பாட்டுக்கு நான் கை தூக்கினேன்.

1885-இல் சாக்சனியின் போர்னா ஊரில் ராணுவக் குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் வந்த பெயர் இது. வைரஸைச் சுமப்பது இருநிற வெண்பல் மூஞ்சூறு. (பிள்ளையார் இதில் ஏறியிருக்க மாட்டார்.) மனிதர்களுக்கும் வரும் என்பது 2018-இல்தான் உறுதியானது; ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற மூன்று பேருக்குத் தொற்று வந்திருந்தது. ஜெர்மனி முழுவதும் வருடத்துக்குச் சில பேருக்குத்தான் வருகிறது. வந்தவர்களில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு.

வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசிட்டிவ் என்றால் பேச்சே இல்லை. ஆனால் இந்த வைரஸ் நரம்பு செல்களுக்குள்ளேயே பதுங்கிக்கிடக்கும். முதுகுத் தண்டுநீரில் கொஞ்சமாகத்தான் கசியும். நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. மூளைத் திசுவில் பார்த்தால் தெரியும், ஆனால் சந்தேகத்துக்காக யார் மண்டையைத் திறப்பார்கள்? இறந்த பிறகே காரணம் தெரியவந்தவர்களும் உண்டு.

வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதங்களைத் தேடும் ஆன்டிபாடி சோதனை மலிவு. சீரத்தை (ரத்தத்தில் செல்களை நீக்கிய நீர்ப்பகுதி) உறைய வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக்கூட மறுபடி பார்க்கலாம். குறை ஒன்றுதான்: முதல் நாட்களில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரியும்போது நோயாளி கோமாவில் இருக்கலாம்.

எலிஸ்பாட் வேறு வழியில் போகிறது. போர்னா வைரஸ் தானாக நரம்பு செல்லைக் கொல்வதில்லை. தொற்றிய செல்களைத் தேடிப்போகும் நம் டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள்தான் மூளையைச் சேதப்படுத்துகின்றன. அப்படியானால் அந்த டி செல்களையே ரத்தத்தில் தேடலாமே! வெள்ளணுக்களைப் பிரித்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு இரண்டு லட்சம் செல் என்று விட்டு, வைரஸ் புரதத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு ராத்திரி 37 டிகிரியில் வைக்கிறோம். வைரஸை முன்பே சந்தித்த செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கக்கும். அது கக்கிய இடத்தில், சாயம் ஏற்றியதும் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிகளை எண்ணுகிறோம்.

காசநோய்க்கும் இதே முறையில் சோதனை உண்டு. அங்கே பாசிட்டிவ் என்றால் நோயா, உறங்கும் கிருமியா என்று குழம்ப வேண்டும். போர்னாவில் தொற்று வந்தும் நோயில்லாமல் இருப்பவர்கள் அரிதிலும் அரிது என்பதால், புள்ளி தெரிந்தாலே கனம் அதிகம்.

சரி, சிக்கல் எங்கே? செல்கள் உயிரோடு வந்து சேர வேண்டும். பி.சி.ஆருக்கோ ஆன்டிபாடிக்கோ இந்தக் கவலை கிடையாது. உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுத்த ரத்தம், அறை வெப்பத்திலேயே, ஒரு நாளுக்குள் எங்கள் மேசைக்கு வர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர்கள் அக்கறையாக ஐஸ் பை வைத்திருந்தார்கள். மறுநாள் பார்த்தால் வைரஸ் குழி மட்டுமல்ல, எந்த டி செல்லையும் உசுப்ப வேண்டிய கட்டுப்பாட்டுக் குழியும் வெறுமை. "நெகட்டிவ்" என்று எழுத முடியாது. "முடிவு சொல்ல இயலாது" என்றுதான் எழுதினோம். அதைவிட மோசம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. தன்னெதிர்ப்பு மூளையழற்சி (எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய்) என்று நினைத்து அதிக அளவில் ஏற்றிவிட்டு அப்புறம் ரத்தம் அனுப்பினால், டி செல்கள் அடங்கிப்போயிருக்கும். எலிஸ்பாட்டின் பலன் பாதிக்கு மேல் ரத்தம் எடுத்த நேரத்தில்தான் இருக்கிறது.

எத்தனை புள்ளிக்கு மேல் பாசிட்டிவ்? ஐம்பது என்றால் தயங்க மாட்டேன். ஐந்தாறு என்றால் மறுபடி ரத்தம் கேட்பேன். நாங்கள் பார்த்த நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் எல்லைக்கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட முடியவில்லை. அணில்கள் வழியாக வரும் உறவுக்கார போர்னா வைரஸுக்கும் இதே தட்டில் புள்ளி விழும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி ஒரு மாதிரியை நான் கையால் தொட்டதில்லை.

முதல் வாரம், ஸ்டீராய்டு தொடங்கவில்லை, எங்கள் கூடத்திலிருந்து சில மணி நேரத் தூரம் என்றால் முதலில் எலிஸ்பாட். கூடவே தண்டுநீரில் பி.சி.ஆர். ரத்தம் எடுத்து மூன்று நாளாகிவிட்டதென்றால் சீரத்தை மட்டும் அனுப்புங்கள், ஆன்டிபாடி பார்க்கிறோம். விண்ணப்பத் தாளின் தலைப்பிலேயே இப்போது சிவப்பில் அச்சடித்திருக்கிறோம்: ஸ்டீராய்டுக்கு முன் எடுக்கவும், ஐஸ் வைக்க வேண்டாம்.