சொரியாசிஸ் ‘நோய்த் தீவிரத் தொகுப்பு’: நான்கு முறை ரத்தம் கொடுத்த பின்

தோலில் செதில் படிந்த சிவந்த திட்டுகளை உண்டாக்கும் சொரியாசிஸ் என்னும் அழற்சி நோய்க்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உட்கொண்டு வரும் நான், எங்கள் ஊரிலுள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் ‘நோய்த் தீவிரத் தொகுப்பு’ என்ற பெயரில் அளிக்கும் சேவையைச் சென்ற ஓராண்டில் நான்கு முறை பயன்படுத்தியிருக்கிறேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். கட்டணம் 1,900 ரூபாய். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுடன் உடலில் அழற்சி இருந்தால் உயரும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் குறியீடுகளும் இதில் அடக்கம்.

ரத்தம் எடுக்க வருபவர் கைதேர்ந்தவர். என் முழங்கை மடிப்பையொட்டிப் பொருக்குத் தட்டியிருந்த திட்டைப் பார்த்ததும், நான் சொல்லாமலே அதைத் தவிர்த்துவிட்டு மறு கையில் நரம்பு தேடினார். காயம்பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பக்கூடிய நோய் இது என்பதால், அந்தக் கவனம் எனக்குப் பெரிதாகப்பட்டது.

என் குறையெல்லாம் தொகுப்பின் பெயரைப் பற்றியதுதான். மூன்றாம் முறை, முதுகிலும் கால்களிலும் திட்டுகள் பரவி இரவில் உறக்கமின்றித் தவித்தபோது சி.ஆர்.பி. 3-க்குக் கீழே இருந்தது. நான்காம் முறை, தோல் ஏறக்குறைய தெளிந்திருந்தபோது 14 என்று வந்தது. அறிக்கையைப் பார்த்த தோல் மருத்துவர், “போன வாரம் சளி, காய்ச்சல் ஏதும் இருந்ததா?” என்றுதான் கேட்டார். இருந்தது. பிறகு அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, தலை, கைகள், உடற்பகுதி, கால்கள் எனத் தனித்தனியே சிவப்பையும் தடிப்பையும் செதிலையும் கணித்து, 0 முதல் 72 வரை போகும் ‘பாசி’ (PASI) என்னும் சொரியாசிஸ் தீவிர மதிப்பெண்ணை எழுதினார். அழற்சி உடலில் எங்கிருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும், ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். ஏறிவிடும். மூட்டுவலி சேர்ந்துகொண்டால் இவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால், தோலின் நிலையை மருத்துவரின் கண்ணுக்குப் பதிலாக அளந்து சொல்லும் ரத்தக் குறியீடு எதுவும் அன்றாடச் சிகிச்சையில் இன்னும் நிலைபெறவில்லை.

ஈ.எஸ்.ஆர். பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண வெப்பநிலையில் வைத்த ரத்தத்தை நான்கு மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். என் வீட்டில் காலை 6.45-க்கு எடுத்த ஊதா மூடிக் குழாய், மற்ற வீடுகளையும் சுற்றிவிட்டு நண்பகலில்தான் ஆய்வகம் சேர்ந்ததாக அறிக்கையே காட்டியது. மேலும், ஒருமுறை சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், அடுத்த முறை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். எண் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டு அரை நாள் மகிழ்ந்திருந்தேன்.

உண்மையில் இந்தத் தொகுப்பின் மதிப்பு மருந்தின் பாதுகாப்பைக் கண்காணிப்பதில்தான் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வெள்ளையணுக்களைக் குறைக்கலாம், கல்லீரலைப் பாதிக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். அந்த மூன்று சோதனைகளின் முடிவுகள் நான்கு முறையும் அன்று மாலையே வந்தன, ஒன்றுக்கொன்று முரண்படவுமில்லை. ஆனால், மாத்திரை எடுத்த ஓரிரு நாளில் கல்லீரல் நொதிகள் தற்காலிகமாக உயரக்கூடும் என்பதால், அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பாக ரத்தம் கொடுப்பதே முறை. ஞாயிறு இரவு மாத்திரை எடுக்கும் எனக்கு முன்பதிவுப் பிரிவினர் திங்கள் காலையையே மீண்டும் மீண்டும் ஒதுக்கினார்கள். சனிக்கிழமைக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் மன்றாட வேண்டியிருந்தது.

அடுத்த முறை தொகுப்பை வாங்கப்போவதில்லை. அந்த மூன்று சோதனைகளை மட்டும் அதே நிலையத்தில், அதே ஊழியரிடம், சனிக்கிழமை காலையில் கொடுப்பதாக இருக்கிறேன்.