கொள்ளுத்தாத்தாவைத் தேட: பத்திரமா, பங்குக்கோயில் பதிவேடா, கப்பல் பட்டியலா?

தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒரு அத்தையோ பெரியப்பாவோ சொல்லிவிடுவார்கள். தர்ப்பணம் விடுகிற வீடாக இருந்தால் மூன்று தலைமுறைப் பெயர் மனப்பாடமாகவே இருக்கும். அதற்கு மேலே கேட்டால் "பஞ்சத்துல தெக்கேயிருந்து வந்தாங்களாம்" என்பதோடு முடிந்துவிடும். அங்கிருந்து காகிதம்தான் வழி. எந்தக் காகிதத்தில் தொடங்குவது என்பதில்தான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

என் கட்சி இது: பழைய பதிவேடு எதையும் யாரும் நம் வம்சத்துக்காக எழுதவில்லை. நிலவரி வசூலிக்க ஒருவர் எழுதினார், ஞானஸ்நானக் கணக்குக்கு ஒருவர் எழுதினார், கூலிக்கு ஆள் ஏற்ற ஒருவர் எழுதினார். நம் ஆள் இந்த மூவரில் யார் கண்ணில் பட்டிருப்பார் என்று முதலில் யோசிப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

நிலமிருந்த குடும்பம் என்றால் பத்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் ராமசாமி குமாரர் முத்துசாமிக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரைய சாசனம்" என்று ஆரம்பிக்கும். முதல் வரியிலேயே இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. அடுத்து நான்கெல்லை: யார் நிலத்துக்கு மேற்கு, யார் நிலத்துக்கு வடக்கு. அந்த நாலு பேரில் பெரும்பாலும் ஒருவராவது பங்காளியாக இருப்பார், ஏனென்றால் ஒரே அப்பன் சொத்தை வகுந்ததுதானே அது. கடைசியில் சாட்சிகள், பெரும்பாலும் மாமன் மச்சான்கள். கையெழுத்துத் தெரியாதவருக்கு "இன்னார் கைக்கீறல்" என்று எழுதியவரே குறித்திருப்பார்.

பத்திரங்களிலேயே ராஜா பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு கிரையத்தில் இருவர் பெயர் வரும் என்றால், இதில் அண்ணன் தம்பி அத்தனை பேரும், இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளைகளும், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயாரும் வருவார்கள். மகள்கள்தான் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் மகளும் பங்குதாரர். அதனால் அத்தைகளை, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களில் தேடுவதுதான் நடைமுறை.

இதில் சில இடைஞ்சல்கள். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரைதான் பின்னால் போகலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். சர்வே எண்ணும் மாறியிருக்கும். 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஊரில் யு.டி.ஆர். என்பார்களே, அதில் உட்பிரிவுகள் நிறைய இடங்களில் புதிதாகப் போடப்பட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துக் காட்டும் பட்டியல் கையில் இல்லாமல் போனால் வீண் அலைச்சல். இன்னொன்று கையெழுத்து. புள்ளி வைக்காமல், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல், ௵ ௴ ௳ என்று வருஷம் மாதம் தேதிக் குறிகளோடு எழுதியிருப்பார்கள். பழகின பத்திர எழுத்தர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் படித்துச் சொல்லிவிடுவார்.

மானியம், அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ கொடுத்த இனாம் நிலம், அனுபவித்த குடும்பமாக இருந்தால் இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேட்டில், முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலாமவருக்கு என்ன உறவு என்பதற்கெல்லாம் தனித்தனிப் பத்தி உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கோயில் பூசாரி, ஊர்க் காவல், நாவிதர், தச்சர் என்று ஊழிய மானியக்காரர்களும் இதில் இருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது பங்குக்கோயில் பதிவேடு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும்தான் என்றாலும், தரத்தில் இது பத்திரத்தைவிட ஒரு படி மேல் என்பேன். காரணம், பெண்கள். ஞானஸ்நானப் பதிவில் குழந்தை பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், நாள் எல்லாம் இருக்கும். சொத்து இருக்கிறதா இல்லையா என்று குருவானவர் பார்க்கவில்லை. கூலிக்காரர் குழந்தைக்கும் அதே வரிதான். கத்தோலிக்கப் பதிவேட்டில் ஒரு சூட்சுமம் உண்டு: 1908-க்குப் பிறகு ஒருவருக்குத் திருமணமானால், அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் ஓரக்குறிப்பாக எழுத வேண்டும் என்பது திருச்சபை விதி. கட்டிக்கொடுத்த ஊர் தெரியாமல் தொலைந்துபோன பாட்டியின் தங்கையை அந்த ஓரக்குறிப்பு காட்டிக்கொடுக்கும். மூலக்குறிப்புகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம்; பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் இறங்கினார், அடுத்த வருடமே ஞானஸ்நானங்கள் தொடங்கிவிட்டன. அதற்கும் முன்பே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் கத்தோலிக்க சபை இருந்தது. ஆனால் சபை பழையது என்பதற்காகப் பதிவேடும் அவ்வளவு பழையதாக மிஞ்சியிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கரையானும் கடற்காற்றும் பல பங்குகளில் 1850-க்கு முந்தையதை விட்டுவைக்கவில்லை. பெயர்களும் கஷ்டம்தான். ஒரே பங்கில் ஒரே வருடத்தில் மூன்று சவரிமுத்துகளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கும். அங்கே தாய் பெயரைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

மூன்றாவது, கப்பல் பட்டியல். ஊரில் ஒரு குழி நிலம் இல்லாமல், எந்தப் பத்திரத்திலும் பெயரில்லாமல் இருந்தவர், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன ஒரே காரணத்தால் தன் மிராசுதாரரைவிட விவரமாகப் பதிவாகியிருக்கிறார். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு. பெண்களுக்கும் தனி வரி, தனி எண். பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் கப்பல் போனது. அந்தக் குடியேற்றப் பாஸில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயருக்கும் ஒரு இடம் உண்டு. மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களிலிருந்து சிலருக்குப் புகைப்படமே இருக்கிறது.

இதில் சிக்கல், எண்ணைக் கண்டுபிடிப்பது. பெயரை வைத்துத் தேடினால் ஆயிரம் முனுசாமி வருவார்கள். தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழிலோ இறப்புக் குறிப்பிலோ அந்தக் குடியேற்ற எண் எழுதப்பட்டிருக்கும்; அது கிடைத்தால் நேரே அந்த வரிக்குப் போய்விடலாம். கிடைத்த பிறகு ஊர்ப் பெயர் என்று ஒன்று இருக்கும் பாருங்கள், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. அதைக் கண்ணால் படிக்காமல், அந்தத் தாலுகா ஊர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். அப்பா பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டதால், இன்று இருக்கும் குடும்பப் பெயரைத் தமிழ்நாட்டில் தேடுவதில் பயனில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்கும் பெருமளவு மலாயாவுக்கும் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை. அது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டமாக அழைத்துப் போனார். ஆளுக்கொரு பாஸ் எழுதப்படவில்லை. மலையகக் குடும்பங்கள் தோட்டத்துச் செக்ரோலையும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), பிற்பாடு குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பங்களையும்தான் நம்ப வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

ஜாதகத்தைச் சிலர் பெரிதாக நம்புகிறார்கள். நான் அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன். பிரபவ வருஷம் என்றால் 1867-ஆ 1927-ஆ என்று அதில் தெரியாது. கிழமை, தேதி, நட்சத்திரம் மூன்றும் இருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடிவு கட்டலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் 1890 பத்திரத்திலும் 1935 பத்திரத்திலும் "ராமசாமி மகன் முத்துசாமி" வரும்போது, இருவரும் ஒருவரா வேறா என்று பிரிக்க இது உதவும்.

சரி, நிலமில்லை, சபையில் இல்லை, கப்பலும் ஏறவில்லை என்றால்? அந்தக் காலப் பிறப்பு இறப்புப் பதிவில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. தகப்பன் பெயர் இருப்பதால் பார்க்கலாம். நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) இந்தக் கவலையே இல்லை. ஒன்பது நகரக் கோயில்களில் கல்யாணமானவுடன் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, பதிவாகிவிடுகிறார்கள். மற்றவர்கள் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது) நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கொடைக்குக் கொடை யார் யார் வரி கொடுத்தார்கள் என்று பங்காளிகள் வரிசையாக இருக்கும். பழைய நோட்டுகள் தர்மகர்த்தா மாறும்போது கோயிலில் தங்காமல் முந்தையவர் வீட்டுக்கே போய்விடுவது வழக்கம், அதனால் இப்போது பொறுப்பில் இருப்பவரை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் இருந்தவர் வீட்டில் விசாரியுங்கள்.