ஏழு வருடக் கோழிக்கூடு: மரநாய், கீரி, வல்லூறு, சாரை

2018 ஆடி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் கூட்டைத் திறக்கப் போன அத்தை போட்ட சத்தத்தில்தான் எழுந்து ஓடினேன். முந்தின நாள் சாயங்காலம் 11 கோழிகளை அடைத்திருந்தோம். 2 மட்டும் மூலையில் ஒடுங்கி நின்றன. மற்ற ஒன்பதும் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. தின்றது ஒன்றைத்தான், அதிலும் பாதி. மிச்சமெல்லாம் வெறுமனே கடித்துப் போட்டது. இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, கூட்டுக்குள் ஓட இடமும் கிடையாது. படபடவென்று அடித்துக்கொள்ளும்போது உள்ளே புகுந்த விலங்கு ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே போயிருக்கிறது. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி முட்டை மேலேயே செத்துக் கிடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வந்தது மரநாய். நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கம், சுற்றிலும் மாந்தோப்பு, தூரத்தில் சிறுமலை. மாம்பழம் இருக்கிறவரை மரநாய் பழத்துக்கு வரும், பழம் ஓய்ந்தால் கோழிக்கு வரும் என்பது ஊர்க்கணக்கு. எங்கள் பழைய கூடு பலகைப் பெட்டி. முன்பக்கம் மட்டும் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை அடித்திருந்தோம். அதன் கீழ் மூலையைப் பிய்த்து, ஒரு கை நுழைகிற அளவு வழி செய்திருந்தது. அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு மட்டும்தான் ஆகும். பல்லும் நகமும் உள்ள எதையும் அது வெளியே நிறுத்தாது. கோழி வளர்க்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் இன்றுவரை கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வலையைத்தான். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

அந்த ஆவணியிலேயே புதுக் கூடு போட்டோம். 8 அடி நீளம், 4 அடி அகலம். இரும்பு ஆங்கிள் சட்டம், தகரக் கூரை, நாலு பக்கமும் வெல்டுமெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து வெல்டு செய்த சதுரக் கண் வலை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கல்லுக்கால் மேல் நிற்கிறது. அடித்தளமும் கம்பிதான், எச்சம் கீழே விழுந்துவிடும். அதன் மேல் பாதி இடத்துக்குப் பலகை போட்டு, அடைவதற்கு இரண்டு சவுக்குக் கம்பு குறுக்கே கட்டினோம். 15 முதல் 18 கோழிகள் வரை தாராளமாக அடைகின்றன. ஏழு வருடமாக இதைத்தான் புழங்குகிறேன். இதில் எது உழைத்தது, எது ஏமாற்றியது என்று சொல்கிற அளவுக்கு அனுபவம் சேர்ந்துவிட்டது.

முதல் தவறு கம்பியின் கண்ணளவில் நடந்தது. கீழே இரண்டு அடிக்கு அரை இஞ்சு கண், அதற்கு மேல் ஒரு இஞ்சு கண் என்று பட்டறையில் சொன்னார்கள். செலவு குறையும் என்று நானும் சரி என்றேன். மரநாய்க்கு அது போதும், உண்மைதான். ஆனால் இரண்டாம் வருடம் ஒரு காலையில் அடைகோழி கூட்டுக்குள் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தது. பார்த்தால் அது அடைகாக்கிற கூடைக்குள் சாரைப்பாம்பு. சட்டத்தில் ஏறி, மேலே இருந்த ஒரு இஞ்சுக் கண் வழியாக இறங்கியிருக்கிறது. முட்டையை விழுங்கி வயிறு புடைத்ததும் வந்த வழியே வெளியேற முடியாமல் சுருண்டு கிடந்தது. கதவைத் திறந்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம், நிதானமாக இறங்கிப் போய்விட்டது. அடுத்த வாரமே மேல்பகுதி முழுக்க அரை இஞ்சு மெஷ்ஷை இரண்டாவது அடுக்காக வைத்துக் கட்டினேன். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் கூலி மிச்சம்.

இரண்டாவது, துரு. வெல்டுமெஷ்ஷில் இரண்டு வகை. துத்தநாகப் பூச்சு ஏற்றிய கம்பியை எடுத்து வெல்டு வைப்பது ஒன்று. வெல்டு வைத்துவிட்டு முழுச் சுருளுக்கும் பூச்சு ஏற்றுவது இன்னொன்று. முதல் வகையில் வெல்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும் பூச்சு எரிந்து போயிருக்கும், துரு அங்கிருந்துதான் பிடிக்கும். நான் வாங்கியது முதல் வகை, தெரியாமல். மழை படுகிற பக்கம் நாலு வருடம் நன்றாகவே இருந்தது. எச்சம் ஒட்டுகிற அடிப்பகுதியோ மூன்றாம் வருடமே பழுப்பேறிவிட்டது. ஐந்தாம் வருடம் விரலால் அழுத்தினால் நொறுங்கியது. அந்த ஓட்டை வழியாகப் பெருச்சாளி ஏறித் தீவனத்தையும் முட்டையையும் காலி பண்ணிக்கொண்டிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். கூடு வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தரம் குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

தாழ்ப்பாள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வெறும் கொக்கி போதாது. தெருநாய் ஒன்று கதவை ஆட்டி ஆட்டியே கொக்கியைக் கழற்றியதை நானே பார்த்தேன். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் வைத்தேன். கதவின் கீழ் மூலை இப்போது நெகிழ்வதே இல்லை.

ராத்திரிக் கதை இவ்வளவுதான். பகல்தான் பெரும்பாடு. கோழியை ராத்திரி அடைத்துவிடலாம், பகலில் மேய விடாமல் நாட்டுக்கோழி வளர்க்க முடியுமா? கீரி ராத்திரி வராது, வெயில் ஏறிய பிறகுதான் வரும். எங்கள் வீட்டில் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவில், அதாவது சமையலும் சாப்பாடுமாக எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிற நேரத்தில். பழைய போனை ஜன்னலில் கேமராவாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்த நேரம் பிடிபட்டது. வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு வரும். குஞ்சுகளுக்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் 10 அடிக்கு 10 அடி கம்பி அடைப்பு போட்டிருக்கிறோம். அதன் வெளிச்சுற்றில் ஒன்றரை அடி அகலத்துக்கு வெல்டுமெஷ்ஷைத் தரையோடு படுக்கவைத்து, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணும் கல்லும் போட்டேன். கீரி வேலி ஓரத்தில்தான் தோண்டும், தோண்டினால் கம்பி தட்டும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. மூன்று வருடமாக அந்த வழியில் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. இந்த முழு ஏற்பாட்டிலும் குறைந்த செலவில் அதிகம் உழைத்தது இதுதான்.

மேலே இருந்து வருவது வல்லூறும் காக்கையும். பெரிய கோழியை எதுவும் செய்யாது, பத்து நாள் குஞ்சுதான் அதற்குக் கணக்கு. பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன், பத்து நாள்கூடப் பலிக்கவில்லை. மீன்வலையை அடைப்பின் மேல் விரித்துக் கட்டிய பிறகுதான் நின்றது. அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஓரத்தில் மிச்ச வலையைத் தரைவரை தொங்கவிட்டிருந்தேன். ஒரு நல்லபாம்பு அதில் சிக்கி, உடம்பெல்லாம் நைலான் இறுகிக் கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம், வந்து வலையை வெட்டி எடுத்துப் போனார்கள். குழந்தைகள் புழங்குகிற இடம் அது. அன்றைக்கே வலையைத் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் சுருட்டிக் கட்டினேன்.

மூங்கில் பஞ்சாரத்தை, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையை, விட்டுவிட்டுப் பேச முடியாது. பொரித்த முதல் பதினைந்து நாள் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்தில்தான் கவிழ்க்கிறோம். மேலே ஒரு கல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பூனை தட்டிச் சாய்த்துவிடும். காக்கை உள்ளே எட்டாது, வல்லூறு இறங்காது, நிழலுக்கு நிழல், காற்றுக்குக் காற்று. ஆனால் அது பகலுக்கான சாமான். ராத்திரி அதை நம்பி வெளியே விடக் கூடாது.

சோலார் மினுக்கு விளக்கும் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் தோட்டப்பக்கம் எதுவும் வரவில்லை. பிறகு அதே வெளிச்சத்தில் மரநாய் கூட்டின் கூரை மேல் உட்கார்ந்திருந்தது கேமராவில் பதிந்தது. கினிக்கோழி ஒரு ஜோடி வளர்த்தோம். ஆள் வந்தாலும் பாம்பு வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும், காவலுக்கு அருமையானது. ஆனால் கூட்டில் அடையவே அடையாது, முருங்கை மேல்தான் அடையும். ஒரு ராத்திரி இரண்டையும் பறிகொடுத்தோம்.

விஷம் வைக்கச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கறியில் குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து வேலியோரம் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதைத் தின்று சாவது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாய், செத்ததைக் கொத்துகிற காக்கை. மரநாய், கீரி, சாரை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொன்றால் வழக்கு. அதைவிட முக்கியம், எங்கள் தோட்டத்தில் எலியையும் பாம்பையும் தின்று குறைப்பது இவைதான். கோழி என்னுடையது என்றால் அதைக் காக்கிற வேலையும் என்னுடையதுதானே.

ஏழு வருடத்தில் பூட்டிய கூட்டுக்குள் ராத்திரி ஒரு கோழிகூடச் சாகவில்லை. கூட்டுக்குள் இழப்பு என்றால் பூட்டாத ஒரே ஒரு ராத்திரியில்தான். 2022இல் ஒரு கல்யாணத்துக்குப் போய் எட்டரை மணிக்குத் திரும்பினோம். கோழிகள் தாமாகக் கூட்டில் அடைந்திருந்தன, கதவு திறந்திருந்தது. மூன்று போய்விட்டன. அதிலிருந்து மார்கழியில் ஆறேகால், ஆனியில் ஆறு ஐம்பது என்று நேரம் வைத்திருக்கிறோம். விடைச் சேவல்கள், அதாவது இளஞ்சேவல்கள், முருங்கையில் ஏறும், தொரட்டிக் கம்பால் தட்டி இறக்கித்தான் அடைக்க வேண்டும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அத்தை உள்ளே இருந்தே கேட்பார்: "எண்ணி அடைச்சியாம்மா?"

"எண்ணிட்டேன் அத்தை, 16 இருக்கு."

"அந்தச் சாம்பல் பொட்டை?"

"அதையும் சேர்த்துத்தான்."

அடித்தளக் கம்பியை இந்தமுறை பூச்சு பிறகு ஏற்றிய வகையில் வாங்கி வைத்திருக்கிறேன், அரை இஞ்சுக் கண். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பட்டறைக்காரர் வந்து மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார்.