பெனிடோயிட்: பல ஆண்டுகள் அணிந்த பிறகு

அடர்ந்த நீல நிறத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு நான் பெனிடோயிட் என்ற அரிய நீல நிற ரத்தினக்கல்லைப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு நீலக்கல்லே (சஃபையர்) போதும். ஒரு காரட்டுக்கும் குறைந்த எடையுள்ள என் பெனிடோயிட் கல்லைப் பதக்கத்தில் பதித்துப் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். சீராகப் பரவும் குழல்விளக்கு ஒளியில் அது ஓர் அழகான நீலக்கல் போலத் தோன்றுவதோடு சரி. நேர் வெயிலிலோ ஒற்றைச் சிறு விளக்கின் அடியிலோ சற்றே அசைத்தால்தான், நீலத்தின் ஊடே சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் மாறி மாறித் தெறிக்கின்றன. வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறனில் இது ஏறக்குறைய வைரத்துக்கு இணையானது. இரண்டுக்கும் நிறப்பிரிகை அளவு 0.044 அளவில் இருக்க, நீலக்கல்லுக்கு அது 0.018தான். நிறம் மிக ஆழ்ந்துவிட்டால் இந்தப் பொறிகள் அதில் அமுங்கிவிடும் என்பதால், சற்று வெளிறிய கல்லையே நான் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே செய்வேன்.

படிகத்தின் நெடுக்கு அச்சு வழியே பார்த்தால் நிறமற்றதாகவும், குறுக்கே பார்த்தால் நீலமாகவும் தோன்றுவது இதன் இயல்பு. ஆகவே பட்டை தீட்டுபவர் திசையைத் தவறவிட்டால் நல்ல கல்லும் சோகைபிடித்துப் போகும். லென்ஸ் வைத்து மேல்முகப்பின் வழியாக உள்ளே நோக்கினால், அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கல்லுக்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரியும் வலுவான இரட்டை ஒளிவிலகலின் விளைவு இது.

கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவுகோலில் இதன் இடம் 6 முதல் 6.5 வரைதான். காற்றில் மிதக்கும் தூசியிலுள்ள குவார்ட்ஸ் 7 என்பதால், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதே கீறலை வரவழைத்துவிடும். மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு இது ஏற்றதன்று.

கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் 1907இல் கிடைத்தபோது இதை முதலில் நீலக்கல் என்றே எண்ணினார்கள். புதிய கனிமம் என்று அடையாளம் கண்டவர் நிலவியலாளர் ஜார்ஜ் லவுடர்பேக். பேரியமும் டைட்டேனியமும் சேர்ந்த இந்தச் சிலிக்கேட், பட்டை தீட்டத்தக்க தரத்தில் வணிக அளவில் கிடைத்தது அந்த ஓரிடத்தில்தான். அங்கும் வணிகச் சுரங்கப் பணி நின்றுவிட்டதால், பழைய சேகரிப்புகளிலிருந்து வருபவற்றையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. வாங்குமுன் குற்றலை (குறுகிய அலைநீள) புற ஊதா விளக்கில், தக்க கண்கவசத்துடன், ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்: பெனிடோயிட் பளீரென்ற நீலத்தில் ஒளிரும், நீலக்கல் பொதுவாக அப்படி ஒளிர்வதில்லை.