கைவாகு எங்கே தெரியும்: டெஸ்டிலா, கொப்பியிலா, அடுத்தவர் கண்ணிலா, வேலையிலா?

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எனக்கு ஒரு கம்யூனிகேஷன் கடை. போட்டோகாப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற அக்கா மகள், மாசி மாதம் ஒருநாள் இரண்டு தாளைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்தாள். மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கிற இலவச இணைய டெஸ்ட். தை மாதம் செய்தபோது ஒரு வகை, இப்போது வேறு வகை. "மாமா, ஒரு மாசத்துல நான் வேற ஆளாயிட்டேனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் தனக்கு எது வரும் என்று தெரியாத பயம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொன்ன பதில்தான், கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் 'திறமை' என்ற சொல் பரிசளிப்பு விழா மேடையோடு நின்றுவிடும். புழக்கத்தில் இருப்பது கைவாகு. கைராசி வேறு, அது சாமி கொடுப்பது. கைவாகு என்பது ஒரு வேலையைத் தொட்டவுடன் உடம்பும் புத்தியும் தானாக அதற்கு வளைந்துகொடுப்பது. அதைக் கண்டுபிடிக்க நாலு வழி சொல்கிறார்கள். நாலையும் நான் பார்த்துவிட்டேன், இரண்டில் பணமும் போனது.

முதலில் டெஸ்ட், இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதினாறு வகைக் கணக்கின் வேர் 1921இல் கார்ல் யுங் எழுதிய ஆளுமை வகைகள். அதை வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும், காதரின் பிரிக்ஸும் இசபெல் மையர்ஸும், கேள்வித்தாளாக்கினார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பலவும் அந்த அச்சில் வார்த்தவைதான். என் மருமகளுக்கு நடந்தது பலருக்கும் நடக்கிறது, அதற்குக் காரணமும் எளியது. உள்முகமானவர், வெளிமுகமானவர் என்று நடுவில் ஒரு கோடு கிழிக்கிறார்கள். பெரும்பாலானோர் நிற்பது அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே. இன்று இந்தப் பக்கம் விழுவார், அடுத்த மாதம் அந்தப் பக்கம் விழுவார்.

அப்புறம், படிக்கும்போது "அட, என்னையே சொல்லுது!" என்று தோன்றுகிறதே, அதையும் நம்ப முடியாது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர் 39 பேருக்கு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, அதுவும் சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. நம்ம ஊர்க் கிளி சோசியர் இதைக் கேட்டால் புதிதாக ஒன்றும் இல்லை என்பார்.

டெஸ்டுகளில் ஒன்றுக்கு மட்டும் நான் மரியாதை தருவேன். 1959இல் ஜோன் ஹொலன்ட் தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார். கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகப் பதிவு வைப்பது. தொழில் வழிகாட்டல் ஆலோசகர்கள் இதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அரைமணி நேரத்தில் பேச ஒரு தொடக்கம் கிடைக்கும். ஆனால் அது கேட்பது 'உனக்குப் பிடிக்குமா' என்று, 'உனக்கு வருமா' என்று அல்ல. எனக்குப் பாட்டு பிடிக்கும், பாட வராது. காமன் கூத்து நேரத்தில் என்னைப் பாட விடுவதில்லை, பெட்ரோமாக்ஸ் பிடிக்கத்தான் விடுவார்கள்.

இரண்டாவது வழி, தனியாக உட்கார்ந்து யோசிப்பது. புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் முதலில் சொல்கின்றன. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு அந்தத் 'தனியாக' என்பதே ஒரு பிரச்சினை. ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), ஆறு பேர். நான் தனியாக யோசித்தது எல்லாம் கொழும்பிலிருந்து அட்டனுக்கு வரும் ரயிலில்தான், அதுவும் வருசத்துக்கு இரண்டு தடவை.

இடம் கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 'எனக்கு என்ன வரும்' என்று வெறுமனே மனசைக் கேட்டால், அடுத்தவர் நமக்குச் சொன்னதையே மனசு திருப்பிச் சொல்லும். என் மனசு 'கணக்கு' என்றது. ஐந்தாம் வகுப்பில் ஒரு சேர் சொன்னது அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்காவில் வில்சன், ஸ்கூலர் என்ற இருவர் 1991இல் ஜேமை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். ருசி பார்த்து வெறுமனே தரம் பிரித்தவர்களின் வரிசை, தேர்ந்த ருசியாளர்களின் வரிசைக்கு நெருக்கமாக வந்தது. ஏன் பிடித்தது என்று காரணம் எழுதச் சொல்லப்பட்டவர்களின் வரிசைதான் பிசகியது. வாயில் சுலபமாக வரும் காரணத்தை எழுதுகிறோம், பிறகு அந்தக் காரணத்துக்கு ஏற்ற மாதிரி ருசியையே மாற்றிக்கொள்கிறோம். தன்னைப் பற்றி யோசிக்கும்போதும் இப்படித்தான் நடக்கும் என்பது என் சந்தேகம்.

ஆனால் யோசிப்பதிலும் ஒரு நல்ல வகை இருக்கிறது. நிர்வாக எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்ன முறை அது. ஒரு முக்கிய முடிவு எடுக்கும்போது, இதிலிருந்து என்ன எதிர்பார்க்கிறாய் என்று எழுதி வை. ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார். அவ்வளவுதான். மனசு பிற்பாடு கதையை மாற்றிச் சொல்ல முடியாது, எழுத்து அங்கேயே கிடக்கும்.

கடை திறந்தபோது ஒரு சீ.ஆர். கொப்பியில் நானும் எழுதினேன். "கம்பியூட்டர் வகுப்பு நன்றாகப் போகும், அதில்தான் எனக்குத் திறமை. படிவம் நிரப்புவது தொல்லை, மூன்று மாதத்தில் விட்டுவிடுவேன்." ஒரு வருசம் கழித்துத் திறந்து பார்த்தேன். வகுப்புக்குச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகளில் மூன்று பேர்தான் மிச்சம். படிவத்துக்கு மட்டும் பொகவந்தலாவையில் இருந்துகூட பஸ் ஏறி ஆள் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மூன்றாவது, அடுத்தவர் கண். கண்டிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. முத்தையா முரளிதரன் புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அப்போது முரளிக்குப் பதினாலு வயது. 2010இல் ஓய்வு பெறும்போது டெஸ்ட் விக்கெட் 800. அந்தப் பதினாலு வயதுப் பையன் கொப்பியும் பேனாவுமாக ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாலும் 'நான் சுழற்பந்து வீச்சாளன்' என்று எழுதியிருக்க மாட்டான்.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. சிமின் வசீர் 2010இல் காட்டியது: பதற்றம், உள்ளே ஓடும் கவலை போன்றவற்றில் நம்மைப் பற்றி நமக்குத்தான் நன்றாகத் தெரியும். புத்திக்கூர்மை, படைப்புத்திறன் போன்ற நல்லது கெட்டது ஒட்டிய குணங்களில் கூட இருக்கும் சிநேகிதர்களின் கண் நம் கண்ணைவிடச் சரியாகப் பார்க்கிறது. நமக்குச் சுலபமாக வருவது நமக்கு வேலையாகவே தோன்றாது, அதனால் கணக்கிலும் வராது என்பது நான் சேர்த்துக்கொண்ட காரணம்.

ஆனால் யார் கண் என்பதுதான் கேள்வி. நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் டீச்சர், நேர்ஸ், கிளார்க் என்ற மூன்றுக்குள் பதில் வந்துவிடும். அவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்கள் பார்த்த மாதச் சம்பளம் அவ்வளவுதான். அதனால் "எனக்கு என்ன திறமை?" என்று யாரிடமும் கேட்காதே என்று மருமகளிடம் சொன்னேன். வேறு கேள்வி கேட்க வேண்டும். "போன மாசம் எதுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டீங்க?" இதற்குப் பொய்யான பதில் சொல்வது கஷ்டம்.

நாலாவது, வேலையில் இறங்கிப் பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மற்றவர்கள் சொல்லும் அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாட்டுத் தட்டில் கிடக்கும் கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரிப்பார் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். உருண்டை உடனே விரிந்து பிரிந்தால் இன்னும் வாட வேண்டும். அரைத்த இலை புளிக்கும்போது நிறத்தையும் மூக்கையும் வைத்து நேரம் சொல்வார். அந்த மூக்கு தனக்கு இருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? ஸ்டோருக்குள் போனதால்தான். எந்த டெஸ்டும் அதை அவரிடம் கேட்டிருக்காது.

என் விசயத்தில் வேலை என்னை முதலில் ஏமாற்றியது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தேன். முதலாளி காலையிலிருந்து இரவுவரை கத்துவார், ஆணிக் கணக்கு பிசகினால் சம்பளத்தில் வெட்டுவார். இரண்டு வருசத்தில் 'எனக்கு வியாபாரம் வராது' என்று முடிவு கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். எனக்கு வராதது வியாபாரம் அல்ல, அந்த ஆள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஆறு வருசம் ஆனது. அனுபவம் பாடம் சொல்லும் என்பார்கள். தப்பான பாடத்தையும் அதே குரலில்தான் சொல்கிறது. ஒரே இடத்தில் ஒரே முதலாளியிடம் பார்த்ததை வைத்துத் தன்னை எடை போடக்கூடாது.

மலையகத்தில் இன்னொரு குறையும் உண்டு. செய்து பார்ப்பதற்கு இங்கே இருக்கும் வேலைகளே கொஞ்சம்: மலையில் கொழுந்து, கொழும்பில் கடை, கார்மென்ட்ஸ், வீட்டு வேலை, வெளிநாடு. கையில் கேமராவே படாத பிள்ளைக்குக் கேமராவில் கைவாகு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சரி, என் கைவாகு எனக்குத் தெரிந்த நாளைச் சொல்கிறேன். ஒரு அம்மாயி ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுக்க வந்தார். அடையாள அட்டையில் செல்லம்மா, தோட்டத்துப் பதிவான செக்ரோலில் செல்லாயி. இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கதையைப் புருசன் செத்ததிலிருந்து தொடங்கினார், ஆடு விற்றதுக்குப் போனார், மகன் கல்யாணத்துக்கு வந்தார். நான் குறுக்கிடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், "அம்மாயி, செக்ரோல்ல முதல்ல பேர் எழுதினது யாரு?" என்றேன். "பழைய கணக்கப்புள்ள தம்பி, அவரு எல்லாரையும் ஆயி ஆயின்னுதான் எழுதுவாரு." முடிச்சு அங்கே இருந்தது. அதே ஆண்டில் அவரோடு பேர் பதிந்த இன்னும் இரண்டு பேரை நினைவுபடுத்தச் சொல்லி, ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் என் தேத்தண்ணி தொடாமலே ஆறிப்போயிருந்ததைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. கலைந்து கிடக்கிற கதையைக் கேட்டு ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருவது எனக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து நம்பிய கணக்கு அல்ல.

ஆக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி. டெஸ்டுக்குச் செலவில்லை, அரைமணி நேரம் போதும், அந்த அரைமணிக்கு உள்ள பலன்தான் அது. வெறும் யோசனை எதைச் செய்யப் பிடிக்காது என்பதை நன்றாகச் சொல்லும், எது வரும் என்பதில் தடுமாறும். அடுத்தவர் கண் நாம் தாண்டிப்போனதைப் பிடிக்கும், அதற்குச் சரியான ஆளும் சரியான கேள்வியும் வேண்டும். வேலைக்கு மாதங்கள் போகும், சில நேரம் மானமும் போகும். ஆனால் மற்ற மூன்றும் எதை வைத்துப் பேச வேண்டுமோ, அந்தச் சரக்கு அங்கிருந்துதான் வர வேண்டும். வேலை பார்த்துவிட்டு எழுதாமல் விட்டால் என்னைப் போல ஆறு வருசம்.

ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்து பழகியவர்களுக்கு ஒரு தகவல். தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. வகுப்புக்கே போகாமல் வேலையில் கற்றவர்களும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். செய்த வேலைக்கான ஆதாரத்தைப் பார்ப்பார்கள், செய்துகாட்டச் சொல்வார்கள். மேசன், வயரிங், பேக்கரி என்று கைவாகு வைத்திருந்தும் கடதாசி இல்லாதவர்கள் நம் பக்கம் நிறைய.

மருமகள் விசயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத் திட்டம் ஒன்று போட்டோம். வாரத்தில் இரண்டு காலை தோட்டத்து முன்பள்ளியில் உதவி, சனிக்கிழமை என் கடை. கொப்பியின் முதல் பக்கத்தில் அவள் எழுதியது: "முன்பள்ளி ரொம்பப் பிடிக்கும். மாமா கடை போரடிக்கும்." டீச்சராவதற்குப் பத்தனை கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அக்காவின் கனவு, அவளும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

லயத்தில் நாலு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் ரைஸ் குக்கர், ஒரு வீட்டில் போன் சார்ஜர் ஓட்டை, இன்னொரு வீட்டில் கோயில் மைக் செட். பாடம் சொல்லிக் கொடுக்க யாரும் கூப்பிடவில்லை. "அதெல்லாம் சும்மா மாமா, திருகாணியக் கழட்டிப் பாக்குறது தானே." கொப்பியில் அதையும் எழுதச் சொன்னேன். 'சும்மா' என்ற சொல்லையும் சேர்த்து.

போன சனிக்கிழமை போட்டோகாப்பி மெஷினுக்குள் தாள் சிக்கிக்கொண்டது. அட்டனில் இருந்து மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும், வந்தால் காசும் அதிகம். நான் போனை எடுப்பதற்குள் அவள் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டாள். பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், காது கேட்கவில்லை. மூன்று மணிக்கு மெஷின் ஓடியது. முழங்கை வரை டோனர் மை. முன்பள்ளியை விடப்போவதில்லை என்கிறாள், பிள்ளைகளையும் பிடித்துத்தான் இருக்கிறதாம். பெறுபேறு இன்னும் வரவில்லை. கொப்பியைத் திறந்து ஒப்பிட வைகாசி வரை தவணை இருக்கிறது. மெஷின் இப்போது ஓடும்போது ஒரு டிக் டிக் சத்தம் வருகிறது. ஒரு ரோலர் தேய்ந்திருக்கிறதாம், அடுத்த சனிக்கிழமை வரை யாரையும் தொட விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.