காயத்திலிருந்து மீண்டவருக்கு எந்தக் கடலோர மலைப்பாதை: பிக் சர்ரா, கிரேட் ஓஷன் ரோடா?

காயம் ஆறி மீண்டும் நெடுந்தூரம் ஓடத் தொடங்குகிறவர்களில் பலர், தட்டையான நகரத்து மாரத்தான் ஒன்றை முதல் இலக்காக வைப்பதில்லை. ஓட முடியாமல் இருந்த மாதங்களில் மனத்தில் சுமந்துவந்த கடலோர மலைப்பாதையைத்தான் தேடிப்போகிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். மீண்டுவரும் உடலை விடியற்காலையில் எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்புவது பெரும்பாலும் அத்தகைய ஆசைதான். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு பாதைகளை ஒப்பிடும்போது மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்ற ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம், காயம் அறியாத உடலுக்குப் பொருந்தலாமே ஒழிய, மீண்ட உடலுக்குப் பொருந்தாது. உடலில் எந்த இடம் காயப்பட்டதோ அந்த இடத்தை அந்தப் பாதை எப்போது, எந்த விதத்தில் சோதிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏற்றமும் இறக்கமும் உடலின் வெவ்வேறு உறுப்புகளைக் கேட்கின்றன. ஏற்றத்தில் பாதம் தரையைத் தொடும்போது உண்டாகும் அதிர்வு குறைகிறது, ஆனால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடுகின்றன. இறக்கத்தில் மூச்சு இலகுவாகிறது, ஆனால் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்கி உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால் முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. கோட்ஷால், கிராம் ஆகிய இருவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 9 பாகைச் சரிவில் கீழ்நோக்கி ஓடும்போது பாதம் மோதும் கணத்தில் தரை திருப்பித் தாக்கும் செங்குத்து விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 விழுக்காடு கூடியதையும், அதே சரிவில் மேல்நோக்கி ஓடும்போது அந்த மோதல் உச்சமே இல்லாமல் போனதையும் கண்டனர். மாரத்தான் சாலைகள் அவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை என்றாலும், எந்தத் திசையில் எது கூடும் என்பது மாறாது. மேடு ஏறுவதற்கு அஞ்சும் பலர் அஞ்ச வேண்டியது இறங்குவதற்குத்தான்.

இனிப் பாதைகளுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் 1986 முதல் ஏப்ரல் இறுதியில் நடைபெற்றுவரும் பிக் சர் மாரத்தான், நெடுஞ்சாலை 1 வழியாகத் தெற்கிலிருந்து வடக்கே கார்மெலை நோக்கிச் செல்கிறது. தொடக்கத்தில் செம்மரக் காடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 8 கி.மீ. பெரும்பாலும் மெல்லிய இறக்கம்; பிறகு திறந்த வெளியும் காற்றும். பத்தாவது மைலையொட்டித் தொடங்கும் ஹரிக்கேன் பாயின்ட் ஏற்றம் சுமார் 3.2 கி.மீ. தொலைவில் 160 மீட்டர் அளவுக்கு உயர்ந்து, உடனே பிக்ஸ்பி பாலத்துக்கு இறங்குகிறது. 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலமே பந்தயத்தின் நடுப்புள்ளி. அங்கே ஒரு பெரிய பியானோவை ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தைக் கடந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காயத்திலிருந்து மீண்டவர் கவனிக்க வேண்டியதோ அதற்குப் பின் வரும் பாதி. கார்மெல் ஹைலண்ட்ஸ் பகுதியின் மேடுபள்ளங்கள், ஏற்கெனவே களைத்த தொடைகளை மறுபடியும் மறுபடியும் இறங்கச் சொல்கின்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மே மாதம் நடைபெறும் கிரேட் ஓஷன் ரோடு மாரத்தான் 2005-இல் தொடங்கியது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை மலைமுகத்தை வெட்டி அமைத்த சாலை அது. லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை செல்லும் அதன் பழகிய வழி மாரத்தான் அளவைத் தாண்டி 44 கி.மீ. நீளும். ஹரிக்கேன் பாயின்ட் போன்ற ஒரே நீண்ட ஏற்றம் இங்கே இல்லை. வை ரிவர், கென்னெட் ரிவர் ஆகிய சிற்றூர்கள் வழியே சாலை ஒவ்வொரு முனையிலும் ஏறி ஒவ்வொரு ஓடைமுகத்திலும் இறங்கிக்கொண்டே போகிறது. பாதித் தூரம் கடந்த பின் கேப் பாட்டன் ஏற்றம் வருகிறது. ஆனால் ஸ்கீன்ஸ் கிரீக்கை அடைந்தபின் எஞ்சியிருக்கும் ஏறத்தாழ 6 கி.மீ. கடற்கரையை ஒட்டிய சமதளம். என் ஒப்பீட்டில் மிகவும் எடை பெறுவது இந்த 6 கி.மீ.தான்.

முழங்கால் சில்லிலோ தொடையின் வெளிப்புறப் பட்டையிலோ வலி வந்து மீண்டவருக்கு நான் தயங்காமல் கிரேட் ஓஷன் ரோட்டைச் சொல்வேன். தசை களைக்கக் களைக்க அதிர்வை வாங்கும் திறன் குறைந்து சுமை மூட்டுக்குப் போகிறது. ஆகவே இறக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்போது இருக்கிறது என்பதே முழங்காலுக்கு முக்கியம். கடைசிப் பகுதி தட்டையாக இருக்கும் பாதை, மிகவும் களைத்த நேரத்தில் முழங்காலை விட்டுவிடுகிறது. பிக் சர் அப்படி விடுவதில்லை.

குதிகால் தசைநாணோ கெண்டைக்காலோ காயப்பட்டிருந்தால் என் தேர்வு தலைகீழாகிறது. நூறு மேடுகளில் எதை ஓடுவது, எதை நடப்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பதைவிட, இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரே பெரிய ஏற்றத்தை முழுக்க நடந்துவிடுவது என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது எளிது. அந்த வகையில் பிக் சர் நேர்மையான பாதை. கணக்கும் இடம் கொடுக்கிறது. பிக் சரின் கால வரம்பு 6 மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி. ஹரிக்கேன் பாயின்ட்டின் 3.2 கி.மீ.-ஐ கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று நிதானமாக நடந்தாலும், மீதி 39 கி.மீ.-ஐ 8 நிமிடம் 15 நொடி வேகத்தில் முடித்தால் போதும். இந்த வேகத்தைப் பயிற்சியில் வலியின்றித் தாங்க முடியாதவர், அந்த ஆண்டு பெயர் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் மெல்லிய விரிசல், ஏற்பட்டு ஆறியவரின் நிலை வேறு. எலும்பைப் பொறுத்தவரை ஒவ்வோர் அடியின் சுமையோடு எத்தனை முறை தரையைத் தொட்டோம் என்பதும் கணக்கில் வருகிறது. ஓரடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், கிரேட் ஓஷன் ரோட்டின் கூடுதல் 1.8 கி.மீ. மட்டுமே 1,800 அடிகள். அவருக்கு இரண்டின் முழுத் தூரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், குறுந்தூரப் பிரிவுகளைப் பார்க்கச் சொல்வேன். இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிக் சரின் ஏறத்தாழ 17 கி.மீ. பிரிவு ஹரிக்கேன் பாயின்ட்டைத் தவிர்த்துவிடுகிறது. கென்னெட் ரிவரிலிருந்து தொடங்கும் கிரேட் ஓஷன் ரோட்டின் 23 கி.மீ. பிரிவோ கேப் பாட்டனைத் தவிர்ப்பதில்லை, ஆனால் கால்கள் புத்துணர்வோடு இருக்கும்போது அதைக் கடக்க வைக்கிறது.

பாதையின் படத்தில் தெரியாத இன்னொன்று சாலையின் பக்கச் சரிவு. மழைநீர் வடிய நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் போடப்படும் சாலைகளில், வளைவுகள் வேறு ஒருபுறமாகச் சாய்ந்திருக்கும். மேற்புறப் பாதம் உட்புறமாகவும் கீழ்ப்புறப் பாதம் வெளிப்புறமாகவும் மணிக்கணக்கில் சாய்ந்தபடி ஓடும்போது இடுப்பும் கணுக்காலும் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு பாதைகளிலும் கடல் இடப்புறம். காட்சியில் மயங்கி இடது ஓரத்திலேயே ஓடுகிறவருக்கு இடது பாதம் முழு நேரமும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். சாலையின் நடுமேட்டை விடாமல் ஓடுங்கள், கடலைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் போதும்.

காற்றில் பிக் சர் கடினமானது. வடமேற்கிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் நேர் எதிரே மோதும். அதோடு, விடியுமுன்னே பேருந்தில் ஏறி, தொடக்க இடத்தில் குளிரில் காத்திருந்து, காலை 6.45-க்கு ஓடத் தொடங்க வேண்டும். பழைய காயம் உள்ள தசைநாண் அவ்வளவு நேரம் மடங்கிக் கிடந்தபின் முதல் கிலோமீட்டர்களிலேயே இறக்கத்தில் போவது எனக்குக் கவலை தரும் ஒன்று. பேருந்திலிருந்து இறங்கியதும் பத்து நிமிடமாவது நடக்காமல் வரிசையில் நிற்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் டூ ஓஷன்ஸ் பந்தயத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 1970 முதல் கேப் டவுனில் நடைபெறும் அந்தப் பந்தயத்தின் முதன்மைத் தூரம் 56 கி.மீ.; அதன் வழக்கமான வழியில் மாரத்தான் தூரம் முடிந்த பிறகுதான் கான்ஸ்டான்ஷியா நெக் ஏற்றமே வருகிறது. மீண்டுவந்த முதல் ஆண்டில் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தாலும் இறங்கிப் பழகாமல் போகக் கூடாது. மெல்லிய சரிவில் ஒருமுறை இறங்கி ஓடித் தொடை வலித்து ஆறியபின், அடுத்த முறை அதே இறக்கம் அந்த அளவுக்கு வலிப்பதில்லை. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். ஆகவே பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறையாவது இறக்கப் பயிற்சி வேண்டும், கடைசி இரண்டு வாரம் அது வேண்டாம். குதிகால் தசைநாணுக்கு ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் விவரித்த பயிற்சி, படியின் விளிம்பில் குதிகாலைத் தாழ்த்தி இறக்கும் 15 முறைகளை மூன்று சுற்றாக, இரண்டு விதமாக, நாளுக்கு இருமுறை, 12 வாரம் செய்யச் சொல்கிறது. நாளொன்றுக்கு 180 முறை என்பது சலிப்பூட்டும்தான், ஆனால் மேட்டில் அந்த நாண் என்ன சுமை தாங்கும் என்பதற்கு அதைவிட நேரான ஒத்திகை இல்லை. பயிற்சியின்போது பத்தில் ஐந்துக்கு மேல் வலி ஏறாமலும் மறுநாள் காலைக்குள் அடங்கியும் இருந்தால் தொடரலாம் என்பது இத்தகைய காயத்துக்கு இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். எலும்பு முறிவுக்கு அந்தச் சலுகை கிடையாது, வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

காயத்தின் வகை தெளிவாக இல்லாதவர் என்னைக் கேட்டால், முதல் ஆண்டு கிரேட் ஓஷன் ரோட்டின் 23 கி.மீ., மறு ஆண்டு பிக் சரின் முழுத் தூரம் என்பேன்.